பட்டுச்சேலைக்காரியின் மிக்சி

செம்பட்டியில் பேருந்து ஏறிய அந்த அம்மாள், மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடியோடு என் பக்கத்தில் அமர்ந்து, மடியில் ஒரு பைண்டு புத்தகத்தை விரித்தார். பழைய பெண்கள் மாத இதழ்களிலிருந்து ஒரு தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த புத்தகம் அது. கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறும் கட்டத்தை ஓரக்கண்ணால் படித்துவிட்ட எனக்கு, மேலே தெரிந்தாக வேண்டியிருந்தது. அவரோ கதைப் பக்கங்களை விரைந்து புரட்டி, விளம்பரம் வந்தால் மட்டுமே நின்றார்.

பொறுக்க முடியாமல், "கதை படிக்கலையாக்கா?" என்றேன்.

"கதை எப்புடியும் கல்யாணத்துல முடிஞ்சிரும்த்தா. இந்த மிக்சி வெளம்பரத்துல இவளப் பாரு, பட்டுச்சேலையும் அட்டிகையுமா அம்மியில அரைக்கிறா! மாசாமாசம் புருஷங்கிட்ட மிக்சி கேக்குறா. அந்த மனுசன் பேப்பர விட்டுத் தலையத் தூக்கல."

"கடைசில வாங்கிக் குடுத்தாரா?"

அவர் இறுதி விளம்பரத்தைக் காட்டினார். கணவர் ஒருவழியாக நிமிர்ந்து வாய் திறந்திருந்தார். அவர் பேச்சு அச்சாகியிருந்த அடிப்பகுதி மட்டும் இல்லை.

"பைண்டு பண்ணுனவன் ஓரம் வெட்டயில பதிலையும் சேத்து வெட்டிப்புட்டான், பாவி! அதான் திண்டுக்கல்லுல பழைய புத்தகக் கடையெல்லாம் தேடப் போறேன்."

பேகம்பூரில் நான் இறங்கியபோது, கதாநாயகியின் கதியைக் கேட்கவே மறந்திருந்தேன். இன்றும் சட்னிக்கு மிக்சியைச் சுழலவிடும்போதெல்லாம், அந்தக் கணவர் என்னதான் சொல்லியிருப்பார் என்றே மனம் கேட்கிறது.