பெரியப்பாவின் ரொட்டியும் சிவப்புக் கோழியும்

எங்கள் சிவப்புக் கோழிக்கு அஜீரணம் வரக் காரணம் பெரியப்பாதான். காரைக்காலில் எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும், பெரியப்பாவைத் தவிர. தெரிந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பெரியம்மா இறந்துபோய், பிள்ளைகளும் பிரான்சிலேயே தங்கிவிட்டதால் எங்களோடு இருந்தார். ஊரே காலையில் இட்லி தின்றால் அவருக்கு மட்டும் கடையிலிருந்து நீட்டு ரொட்டி வர வேண்டும். பாதியைத் தின்றுவிட்டு, மீதி காய்ந்து கட்டையானதும் கொல்லைக்குக் கொண்டுபோவார். "வெனே, வெனே" என்று கோழிகளைப் பிரெஞ்சில் கூப்பிட்டுப் பிய்த்துப் போடுவார். அம்மாவின் "பா பா"வுக்கு அசையாததுகள் இதற்குப் பறந்து வரும்.

கோழிகளை அடைப்பதும் திறப்பதும் என் வேலை. கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பை அடைக்கும்போது புடைத்திருக்கும், விடிந்தால் வற்றியிருக்கும். ஒருநாள் காலையில் கூண்டைத் திறந்தால் சிவப்பு மட்டும் வெளியே வரவில்லை. தூக்கிப் பார்த்தேன். பை பிசைந்த மாவு மாதிரி கெட்டியாக இருந்தது. வாயில் புளித்த வாடை. எச்சம் பச்சைத் தண்ணீர்.

"ரொட்டி ஊறிப்போயி அடைச்சிருக்கும்மா. பெரியப்பாகிட்ட சொல்லு."

"வாய மூடுடி" என்றாள் அம்மா. கோழிக்குக் கண் பட்டுவிட்டது என்றார் அப்பா. அத்தை மழைத்தண்ணீரைக் குற்றம் சொன்னாள். பெரியப்பாவே வந்து குனிந்து பார்த்து, "பசியில வாடுது பாவம்" என்று இன்னொரு துண்டை நீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் போனதும் அம்மா கோழியை மடியில் போட்டு, வாயில் நல்லெண்ணெய் சொட்டவிட்டு, பையை மெதுவாக நீவினாள். தண்ணீர் மட்டும்தான், தீனி கிடையாது என்றாள். எனக்கு வேறு ஓர் உத்தரவு: மற்ற கோழிகளுக்கு அவர் போடும் பெரிய துண்டுகளை, அவர் திரும்பியதும் பொறுக்கிவிட வேண்டும். கோழிகளும் நானும் முட்டிமோதி ஓடியதில் நான்தான் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். பெரியப்பா திரும்பிப் பார்த்துவிட்டார்.

"சின்னதுக்கும் ரொட்டி ஆசை போலருக்கு" என்று மறுநாளே எனக்கென்று ஒரு முழு ரொட்டி வாங்கி வந்தார். தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். கோழிக்கு வந்தது எனக்கும் வந்துவிடும் போலிருந்தது.

சிவப்பு பிழைத்துக்கொண்டது. பை இளகி, பழையபடி குப்பையைக் கிளற ஆரம்பித்தது. அம்மா அப்போதும் பெரியப்பாவைத் தடுக்கவில்லை. காய்ந்த ரொட்டியைத் தூளாக உடைத்து, ஒரு பிடி மட்டும் அவர் கையில் கொடுத்து, "இதப் போடுங்க" என்றாள், அவ்வளவுதான். "வெனே" என்ற குரல் கேட்டதும் சிவப்பு தலைதெறிக்க ஓடியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"போடாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்னம்மா? கடிச்சா தின்னுடுவாரு?"

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு சத்தம் கேட்டா நீங்கள்லாம் எந்திரிச்சு உள்ள போயிடுறீங்க. அதுங்கதான் ஓடி வருது. அதையும் நிறுத்தச் சொல்றியா?"

கோழி வயிற்றைப் பற்றிக் கேட்டால் இது என்ன பதில் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. "நான் கோழியப் பத்திப் பேசுறேன்" என்று கத்தினேன். கொல்லையிலிருந்து பெரியப்பா கையைத் தட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.