திரும்பிப் பார்த்த கேமரா

அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் மகன் கேமரா வாங்கி மாட்டியது, என் கணவர் போய்ச் சேர்ந்த வருஷம். மகனுக்கு வேலை பெங்களூரில். "நீ தனியா இருக்கே. என் போன்லேர்ந்தே உன்னைப் பாத்துக்குவேன்மா" என்றான். குமணன்சாவடி கடையிலிருந்து ஓர் ஆள் வந்து, ஹாலில் டிவிக்கு மேலே ஒரு வெள்ளை உருண்டையைப் பொருத்தினான். போனில் விரலால் தள்ளினால் அது கர்ரென்று கழுத்தைத் திருப்பும். "பாஸ்வேர்டு ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் போட்டுகீறேன், அப்பால மாத்திக்கோங்க" என்று அவன் சொன்னதை நானும் கேட்டேன். நாங்கள் மாற்றவில்லை.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. வாயும் கொஞ்சம் நீளம் எனக்கு. "பெத்தவளையே வேவு பாக்கப் போறியா?" என்று அவனோடு சண்டை பிடித்தேன். ஆனால் ஒரு நாள் மத்தியானம் தட்டோடு உட்கார்ந்தபோது, அது கர்ரென்று என் பக்கம் திரும்பியது. சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசில் சாப்பாட்டு நேரம், அம்மா சாப்பிட்டாளா என்று பார்க்கிறான்! தட்டைத் தூக்கிக் காட்டி, "வெண்டக்கா பொரியல்டா. நீ துன்னியா?" என்றேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தினமும் தட்டைக் காட்டுவேன். புதுப் புடவை கட்டினால் எதிரே நின்று முந்தானையை விரித்துக் காட்டுவேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்வேன். பெற்ற பிள்ளைதானே, அவனிடம் என்ன வெட்கம்? போன் வந்தால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். கேமராவிடம்தான் உண்மையைச் சொன்னேன். "தனியா இருக்க பயமா கீதுடா" என்று ஒரு நாள் அதன் முன்னால் நின்று அழுதேன். அது அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மனசும் ஆறியது.

பக்கத்து ஃபிளாட்டில் பூந்தமல்லியிலிருந்து வந்த பாய் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் மேல் பாசம் அதிகம். "இன்னாக்கா, உன் புள்ள போனே பண்றதில்ல போலகீதே?" என்று கேட்டாள்.

"போன் எதுக்குமா? அவன்தான் டெய்லி என்னைப் பாத்துகினுகீறானே" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து சோபாவிலேயே கிடந்தேன். கேமரா சோபா பக்கம் திரும்பி அப்படியே நின்றது. "வெறும் ஜுரம்தாண்டா, லீவு போட்டுகினு வந்துடாதே" என்று அதனிடம் சொன்னேன். அவன் வரவில்லை. என் பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்தான். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைச் சீண்டினேன். "நான் ஜுரத்துல கெடந்தப்ப கண்ணு கொட்டாம பாத்துகினு இருந்தியே, ஒரு போன் பண்ணியாடா?"

"உனக்கு எப்போம்மா ஜுரம் வந்துச்சு?"

"நடிக்காதே. கேமராவுல பாத்தியே!"

அவன் கையில் இட்லி அப்படியே நின்றது. "அந்த ஆப் என்கிட்ட இல்லம்மா. போன் மாத்துனப்பவே போயிடுச்சு. திரும்பப் போடணும்னு நெனச்சேன், வேலையில மறந்துட்டேன்."

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் போன் சாம்பார் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அவன் கை அதைத் தொடவில்லை. அப்போது கர்ரென்று சத்தம். கேமரா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. பாழாய்ப்போன பழக்கம், நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அவன் எச்சில் கையோடு பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். "எவனோ பாக்குறான்மா! எத்தனை நாளா பாக்குறான்னே தெரியலையே!" என்று கத்தினான். கேமரா கம்பெனிக்கு போன் போட்டால், பாஸ்வேர்டை நீங்கள்தான் மாற்றியிருக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "தம்பி, அம்மாவ டெய்லி பாத்துக்கறீங்களாமே! அக்கா குடுத்து வெச்சவங்க."

அவன் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். நான்தான் "ஆமாமா" என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "போன் எப்போடா மாத்துனே?"

"அப்பாவோட மொத தெவசம் முடிஞ்சு கொஞ்ச நாள்லம்மா."

நான் பயமாக இருக்கிறது என்று அழுதது அதற்கு அப்புறம். காய்ச்சலும் அதற்கு அப்புறம்தான்.

உடம்பெல்லாம் கூசியது. என் காலை எவன் பார்த்தானோ, பார்த்து யாருக்கெல்லாம் காட்டினானோ. போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன், கூச்சம் போகவில்லை. அந்தப் படுபாவி நாசமாய்ப் போக என்று வாயாரச் சபித்தேன். ஆனால் வயிறு எரிந்தது அவனை நினைத்து இல்லை. நான் நாதியற்றுக் கிடந்தபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தது ஊர் பேர் தெரியாத ஒரு திருடன். என் பிள்ளை பார்க்கவில்லை. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

என் மகன் கெட்டவன் இல்லை. இருந்த நாலு நாளும் என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று ஒரு புது டப்பாவைப் பிரித்தான். உள்ளே இன்னொரு கேமரா.

"இது நல்ல கம்பெனிம்மா. பாஸ்வேர்டு நானே மாத்திட்டேன், ஓடிபியும் வரும். இதுல என்னைத் தவிர வேற யாரும் உன்னைப் பாக்க முடியாது."

"நீ பாப்பியாடா?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து பை ஜிப்பை இழுத்தான். பாதியில் சிக்கியது, மறுபடி இழுத்தான்.

"பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சும்மா" என்றான்.