கவர்னர் சென்னியப்பனும் அவர் அக்காவும்

தந்தி என் பெயருக்கு வந்தது. சென்னியப்பன் சென்னையில் மாரடைப்பால் போய்விட்டார். கோபிசெட்டிபாளையத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கூடப்பிறந்த அக்கா பாவாயி இருக்க, தந்தி எனக்கு ஏன் வந்தது என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா வீட்டில் அவர் பேரையே யாரும் எடுப்பதில்லை. அந்தத் தெருப் பக்கம் போக எனக்குக் கால் எழவில்லை.

நாங்கள் இருவரும் சென்னையில் ஒரே பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள். எனக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பிவிட்டேன். அவர் உயர்ந்து, நாட்டுப் பாங்கிகளுக்கெல்லாம் தலைமையாகப் புதிதாக ஏற்பட்ட பாங்கியில் அதிகாரியானார். அதன் கவர்னர் வெள்ளைக்காரர். அடுத்தது நம்ம ஆள்தான் என்று சென்னியப்பனையே கவர்னர் என்று கூப்பிடுவோம். "கவர்னரானா, உங்க வாயைக் கட்டறதுதானுங்க மொத உத்தரவு" என்பார்.

கோவையில் ஒரு பாங்கி ஆட்டம் கண்டு, கைகொடுக்கும்படி தலைமைப் பாங்கிக்கு மனுச் செய்தது. பார்த்துவர இவரை அனுப்பினார்கள். அந்தப் பாங்கித் தலைவர் இவருக்கு மாமன் முறை. வீட்டில் இலை போட்டு அழைத்தார். "உங்க ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு உங்க பாங்கியைப் பத்தி எப்படிங்க மாமா எழுதறது?" என்று எழுந்து வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த வீட்டார் இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறார்கள்.

வேலை முடிந்து அக்காவைப் பார்க்க வந்தார். நானும் கூட இருந்தேன். பாவாயி புருஷனை இழந்தவர். தோட்டம் விற்ற பணத்தையெல்லாம் மகள் கல்யாணத்துக்கென்று அதே பாங்கியில்தான் போட்டிருந்தார்.

"ஏங்கண்ணு, பணத்தை அங்கயே உட்டு வெக்கட்டுமா, எடுத்துப்போடட்டுமா?"

"அதைப் பத்தி நான் வாயே தொறக்கக்கூடாதுங்கக்கா. என்னைக் கேக்காதீங்க."

பாவாயி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயமிருந்தா கூடப்பொறந்தவகிட்டச் சொல்லாமயா போயிருவான்? இருக்கட்டுமுங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. சென்னியப்பன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மாதம் திரும்புவதற்குள் பாங்கியைச் சாத்திவிட்டார்கள். காப்பாற்ற வழியில்லை என்று எழுதியவர் இவர்தான். கல்யாணம் நின்றது. சென்னியப்பன் ஓடிவந்தார். அக்கா வாசல்படி ஏறவிடவில்லை. அவர் கண்ணில் சொட்டு நீரில்லை. வெயிலில் அப்படியே நின்றார். "பாருங்க, கல்லு!" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்ஸுக்கு என்னோடு நடக்கும் வழியில் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "அக்காகிட்ட மட்டும் சொல்லியிருந்தா, அங்க பணம் போட்ட மத்தவங்க மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கிறது?" என்றார். பிறகு, "நான் அழுததை அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாவம்னு மன்னிச்சுப்போடும். அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தேன். அதன்பின் அவர் ஊருக்கே வரவில்லை.

ஐயோ, இந்த நேர்மையால் யார் பிழைத்தார்கள்? பாங்கியும் பிழைக்கவில்லை, அக்காவும் பிழைக்கவில்லை, அவரும் போய்விட்டார். அவர் செய்தது சரியென்று சொல்லவும் மனம் வரவில்லை, தப்பென்று சொல்லவும் நாக்கு வரவில்லை. அவர் அழுத அந்த அழுகை ஒன்றுதான் அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருக்கிறது.

அதையும் நேற்றுப் போய்ப் பாவாயியிடம் கொடுத்துவிட்டேன். இனி யாருக்காக மறைப்பது? சாவைச் சொன்னபோது அசையாமல் நின்ற அந்த அம்மாள், அழுதார் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அதை எம் முன்னால அழுதிருந்தா, ஊட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பனுங்களே!"