குண்டூசி டெய்லரின் ‘ம்’

குண்டூசி டெய்லர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். கடை திறந்ததும் உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசியைச் செருகிக்கொள்வார். அப்புறம் கடை மூடும்வரை அவர் பேச்செல்லாம் ‘ம்’தான். மூக்கால் இழுத்தால், “நாளைக்கு வா.” சட்டென்று வெட்டினால், “தொப்பையை எக்காதே, அளவு தப்பும்.” ஏறி இறங்கினால், “இந்தத் துணியையா காசு கொடுத்து வாங்கினே?” புருவம் வேறு கூடவே பின்பாட்டுப் பாடும். கோபம் வந்தால் கத்தரிக்கோல் மேசையில் டங்கென்று விழும். சந்தோஷம் வந்தால் மெஷின் தலைதெறிக்க ஓடும். இத்தனை வசதி இருக்கும்போது மனுஷனுக்கு வார்த்தை எதற்கு?

அந்த வசதிதான் ஒரு மத்தியானம் அவர் காலை வாரிவிட்டது.

வெளியூர் விடுதியில் தங்கிப் படித்த மகள் போன் செய்தாள். “அப்பா, வேலை கிடைச்சிருச்சு. ஆனா இன்னும் தூரமாப் போகணும். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். போகட்டுமா?”

டெய்லருக்குப் பெருமை தாங்கவில்லை. ‘ம்’கூட வரவில்லை. கண்ணை மூடித் தலையை நன்றாக ஆட்டினார்.

“அப்பா?”

இன்னும் பலமாக ஆட்டினார். காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது.

“சரிப்பா. உங்களுக்குப் பிடிக்கலேன்னா வேணாம்.” குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “என்னவாம்?”

டெய்லர் குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினார். “வேலைக்குப் போகட்டுமான்னா. சரின்னேன். வேணாம்னு வச்சுட்டா.”

“எப்பச் சொன்னீங்க? எனக்குக் கேக்கலையே?”

“தலையாட்டினேனே!”

“அழகா ஆட்டினீங்க! போன்ல தலை தெரியுமாக்கும்? புள்ள அங்க வேணாம்னு சொல்லித் தொலைக்கப் போறா. கூப்பிடுங்க!”

கூப்பிட்டார். மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம்.

“அது... வந்து...” குண்டூசி இல்லாத வாய்க்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இருமினார். அவசரத்தில் கால் பெடலை மிதிக்க, ஊசிக்கடியில் கிடந்த பேன்ட்டின் மேல் மெஷின் தடதடவென்று பறந்தது.

மூக்குறிஞ்சல் நின்றது. “அப்பா... மெஷின் இந்த ஓட்டம் ஓடுதே. அப்ப சரியா?”

தலை மறுபடி ஆடக் கிளம்பியது. மனைவி தாடையைப் பிடித்து நிறுத்தினாள். “வாயால!”

“போம்மா,” என்றார். அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். “தைரியமாப் போ. எனக்கு... ரொம்ப சந்தோஷம்.”

“அடேயப்பா, நீங்க இவ்வளவு பேசுவீங்களா?” மகள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வந்தது.

சாயங்காலம் வாடிக்கைக்காரர் ஒருவர் தன் பேன்ட்டை விரித்துப் பார்த்தார். இரண்டு காலும் ஒன்றோடொன்று சேர்ந்து, நல்ல உறுதியாகத் தைக்கப்பட்டிருந்தன.

“என்ன டெய்லரே, இதைப் போட்டுக்கிட்டு நான் தத்தித் தத்தியா போறது?”

டெய்லர் குண்டூசிகளை உதட்டில் செருகிக்கொண்டு, “ம்” என்றார்.

தெருவில் யாரும் அதுவரை கேட்டிராத ‘ம்’ அது. எதற்கென்று தெரியாமலே வாடிக்கைக்காரரும் சிரித்துவிட்டார்.