புளி போட்டு விளக்கிய செம்பு

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான டீச்சர். மேல் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். கிடைக்காவிட்டால் விஞ்ஞானம் படிக்க ஆண்கள் பள்ளிக்குத்தான் போக வேண்டும். எந்த வீட்டில் அனுப்புவார்கள்? பிள்ளைகள் நேராகக் கம்பெனிக்குப் பனியன் மடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் பள்ளி ஆயாவின் மகளும் அந்த வருடம்தான் மேல் வகுப்புக்கு வர இருந்தாள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்வித்துறை ஆய்வாளர் ஒரு சோதனையாவது பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார் என்றார்கள். எங்களிடம் காஸ் அடுப்பு கிடையாது, ஸ்பிரிட் விளக்குதான். பழைய பின்னல் மெஷினில் சுரண்டிய துருவை ஹைட்ரஜனில் சூடாக்கி மறுபடி இரும்பாக்கப் பார்த்தேன். அந்தச் சின்னச் சுடருக்கு அது மசியவில்லை. செம்புக்கு அத்தனை பிடிவாதம் கிடையாது. கருத்த செம்பு குறைந்த சூட்டிலேயே ஆக்சிஜனை ஹைட்ரஜனிடம் விட்டுவிடும். அதனால் எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி வாங்கி, வீட்டுக் கரியடுப்பில் கன்னங்கரேலென்று கருக்கி, ஆய்வுக்கூட மேசையில் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் கம்பி தகதகவென்று மின்னுகிறது!

"ஆப்பீசர் வர்றாருன்னு சொன்னீங்கல்லங்க டீச்சர்? செம்பு இப்படிக் கருத்துக் கெடந்தா நம்மளப் பத்தி என்னங்க நெனப்பாரு? புளி போட்டு நல்லா வெளக்கி வெச்சனுங்க" என்றார் ஆயா. முகமெல்லாம் பெருமை.

"அந்தக் கருப்புதானுங்கக்கா எனக்கு வேணும்!" கத்தியேவிட்டேன்.

அதற்குள் ஆய்வாளர் உள்ளே வந்துவிட்டார். வேறு வழியில்லை. அவர் கண்முன்னாலேயே கம்பியை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டிக் கருக்கினேன். கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, துத்தநாகத்தில் அமிலம் ஊற்றி, கிளம்பிய வாயுவை அதற்குள் விட்டேன். உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறாமல் விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் வெடித்துவிடும் என்று காத்திருந்தேன். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"இந்தச் சூடு போதுமாம்மா?"

"துருவுக்குப் பத்தாதுங்க சார். செம்புக்குப் போதுமுங்க."

விளக்கை வைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கம்பியின் ஒரு ஓரம் சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்கச் செம்பாகிவிட்டது. குழாயின் குளிர்ந்த முனையில் தண்ணீர் துளிர்த்தது.

"கருப்பாவே கொண்டுவந்திருந்தா ஏதோ பூசியிருக்கீங்கன்னு நெனச்சிருப்பேன்" என்றார் ஆய்வாளர். "மின்னினது கருத்து, மறுபடி மின்னினதை நானே பார்த்துட்டேன். தாராளமாத் தொடங்குங்க."

அவர் போனதும் ஆயா கேட்டார்: "இதுக்கு இத்தன கண்ணாடியும் நெருப்பும் எதுக்குங்க டீச்சர்? கொட்டப்பாக்களவு புளி போதுமுங்களே!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஜூன் மாதம் விஞ்ஞானப் பிரிவின் முதல் வகுப்பில் நான் சாக்பீஸை எடுப்பதற்குள் ஆயாவின் மகள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஹைட்ரஜன் உட்டா அந்தக் கருப்பு மறுபடி செம்பாயிருச்சுன்னு அம்மா சொன்னாங்க. அப்பப் புளி போட்டா அது எங்கீங்க போகுது?"

சாக்பீஸை வைத்துவிட்டு, ஆயாவைப் புளியோடு வகுப்புக்கு வரச் சொன்னேன்.