ரிலேவுக்குக் கம்பி போட்டுக் கட்டாதீங்க

மருந்துக்கடைத் தொழிலில் நோய் ஊராருக்கு, திட்டு நமக்கு. டி.பார்ம் முடித்த கையோடு துடியலூரில் ஒரு கடையில் மூன்று மாதம் பயிற்சிக்கு நின்றேன். கடையில் நிற்கும் பிள்ளைகளே, உங்களுக்குக் கால் வலியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கூடுதலாக இன்னொரு வியாதியும் உண்டு. யார் குரலைக் கேட்டாலும் பத்தே நிமிஷத்தில் அது என் வாய்க்குள் வந்து குடியேறிவிடும். அதனால்தான் இத்தனை கதை.

துண்டு போட்ட காபி

ஒரு டீச்சரம்மா தூக்க மாத்திரை கேட்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன். அவர் நகர்வதாக இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டேன். ஆறு காபியாம். கடைசிக் காபி சீரியல் பார்க்கும்போது.

கல்லூரியில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் பியூரின் ரிசெப்டர். விடுவேனா? நம் செல்களில் பஸ் சீட் மாதிரி இடங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பெயர்தான் ரிசெப்டர் என்று ஆரம்பித்தேன். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகும். அது தன் சீட்டில் உட்கார்ந்தால் நமக்குக் கண்ணைச் சொக்கும். காபி என்ன செய்கிறது? மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆள் மாதிரி முந்திக்கொண்டு அந்த சீட்டைப் பிடித்துவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே வருகிறது, நீங்களும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறீர்கள் என்றேன். டீச்சரம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பக் காபிய விடறதுக்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தாக் குடு கண்ணு."

முதலாளிக்கு இரண்டு வாய்

எங்கள் முதலாளிதான் கடையின் பார்மசிஸ்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு தொண்டைக் கனைப்பு, பிறகு பாதி மூக்கிலும் பாதி வாயிலும் பேச்சு. இப்படி ஒரு குரலைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்றால் எப்படி? ஒரு நாள் கடைக்கு வந்த போனை எடுத்து, சரக்கு கொண்டுவரும் ஆளை அவர் குரலிலேயே காய்ச்சினேன். அந்த ஆள் அரை மணி நேரத்தில் பெட்டிகளோடு வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். யாரிடம் என்றால், அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து இறங்கிய நிஜ முதலாளியிடம்.

அன்றே சட்டம் வந்தது. விகடம் பேசக்கூடாது, விளக்கமும் பேசக்கூடாது. மீறினால் என் பயிற்சி நோட்டில் அவர் கையெழுத்து விழாது. கையெழுத்து இல்லாவிட்டால் எனக்கு டிப்ளமோ கிடையாது. சரிங்க என்றேன், கனைத்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை: "கையெழுத்து வேணும்னா நாளையிலிருந்து வாய ஊட்டுல வெச்சுப்போட்டு வா அம்மணி."

மிச்சமிருந்த அட்டை

இரண்டு கடை தள்ளி, எரிந்துபோன பம்ப் மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை. அதை நடத்துகிறவர் ஊருக்கெல்லாம் மோட்டார் அண்ணன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. இருமல் டானிக் கேட்டு வந்தவரின் சட்டைப்பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. அன்று காலியாகியிருக்க வேண்டிய அட்டையில் ஐந்து மாத்திரை மிச்சம்.

விசாரித்தேன். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மூச்சு வாங்குகிறதாம். அதனால் ஐந்து நாளாக ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டாராம். நாளை முதல் காலை மாத்திரையும் இல்லையாம். ஏதோ வெற்றிலை போடுவதை விட்டுவிட்டவர் மாதிரி சொன்னார்.

எடுத்த டானிக் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே ஆரம்பித்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் உறைவதற்கு ஒன்றையொன்று கூப்பிடும் சமிக்ஞையும் அடினோசின் மாதிரியே பியூரின் வகையறாதான். அதற்கான சீட்டில் துண்டு போட்டு வைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. துண்டை எடுத்தால் புது ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம். அடைத்தால் ஆள் போய்விடும். இதே மாத்திரை அடினோசினையும் கொஞ்சம் கூட்டிவிடும், சிலருக்கு மூச்சு வாங்குவது அதனால்தான் என்று பாடத்தில் இருந்தது. ஆனால் இவருக்கு மாத்திரையாலா நெஞ்சாலா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், டானிக் சொல்லாது. இவ்வளவும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கேட்டதைக் கொடுத்தனுப்பு என்று உள்ளேயிருந்து கனைப்பு வந்தது. அண்ணன் சிரித்தார்: "மூச்சு வாங்காம இருந்தாப் போதுங் கண்ணு, மத்ததச் சாமி பாத்துக்கும்."

பட்டறைக் குரல்

டானிக் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தேன். முதலாளி வெளியே வந்து என் பயிற்சி நோட்டை எடுத்து மேசை மேல் போட்டார். அண்ணன் வேறு கடைக்குப் போகப் படி இறங்கினார். அவருக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டரின் குரல்கூட எனக்கு அத்துப்படி. ஒரு போன் போட்டால் முடிந்தது. ஆனால் டாக்டர் குரலில் மருந்து சொல்வது விளையாட்டில்லை. அது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம், அதை மட்டும் மீறமாட்டேன்.

மிச்சமிருந்தது ஒரே குரல், மோட்டார் அண்ணனுடையது. லோடு கூடினால் மோட்டாரை நிறுத்துவதுதான் ரிலே. அது தொந்தரவென்று கம்பி போட்டுக் கட்டி மோட்டாரை எரித்துக்கொண்டு வரும் விவசாயிகளை அவர் திட்டுவது தினமும் எங்கள் கடை வரை கேட்கும். இடுப்பில் கை வைத்து, அதே கரகரப்பில் ஆரம்பித்தேன். ஏனுங், ரிலே விழுகுதுன்னு கம்பி போட்டுக் கட்டிப்போட்டீங்களா, தொந்தரவு பண்றதுதானுங்க உங்க மோட்டாரக் காப்பாத்துது, கருகினதுக்கப்பறம் வந்து நின்னா நான் என்னங்க பண்ணட்டும்?

படியிலேயே நின்றுவிட்டார். பையிலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டருக்குப் போனப் போட்டுக் குடு அம்மணி, அந்தப் பட்டறைக்காரன் திட்டறதுலயும் ஞாயம் இருக்குது."

தோட்டத்து மோட்டார்

டாக்டர் உடனே வரச் சொல்லி, ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நெஞ்சு நன்றாக இருந்தது, மூச்சு வாங்கியது மாத்திரையால்தான். அதே சீட்டில் துண்டு போடும் வேறு மாத்திரைக்கு மாற்றினார். மறு வாரம் அண்ணன் மூச்சு வாங்காமல் படியேறி வந்தார்.

என் நோட்டு மட்டும் அப்படியே மேசையில் கிடந்தது. மன்னிப்புக் கேள், போடுகிறேன் என்றார் முதலாளி. மாட்டேன் என்றேன், என் சொந்தக் குரலில். நாளைக்கே இன்னொரு அட்டை மிச்சமாக வந்தாலும் இதையேதான் செய்வேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். முதலாளியின் தோட்டத்து மோட்டார் அந்த வாரம் பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்டதற்கு, மோட்டார் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்: "அவசரமில்லீங்க, இந்தப் புள்ள நோட்டு முடியட்டும், அப்பறம் உங்க மோட்டார முடிக்கறனுங்க."

கையெழுத்து விழுந்தது, தண்ணீரும் பாய்ந்தது, வாயை வீட்டில் வைத்துவிட்டு வரும் பழக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.