பூமியின் பேரில் ஓர் அர்ச்சனை

சிரிப்பார்களே என்று பல வருடம் இதை எழுதத் தயங்கினேன். மலேசியாவில், ஈப்போ நகரக் கோவிலில் அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு காவலாளி நின்றார். வெளுத்த நீலச் சீருடை, கக்கத்தில் மோட்டார் ஹெல்மெட். அடிக்கடி அண்ணாந்து பார்த்தார்.

“யார் பேருக்கு?” என்றார் குருக்கள்.

“பூமி பேருக்கு சாமி. வானத்துல இருந்து பெரிய கல்லு வருதாம்.”

நான் சிரித்துவிட்டேன். “வெள்ளக்காரன் ராக்கெட் விட்டுத் தடுத்துருவான் லா, அண்ணே!”

“ரப்பர் தோட்டத்துல எங்க வீட்டுக் கூரை ஒழுகினப்பவே எந்தத் துரையும் வரல. இதுக்கா வருவான்?”

“பூமிக்கு என்ன நட்சத்திரம்?” குருக்கள் திகைத்தார்.

“என் நட்சத்திரத்தையே போடுங்க சாமி, அஸ்தம். விழுந்தா ரெண்டு பேர் மேலயும் ஒண்ணாத்தானே விழும்?”

குருக்கள் அர்ச்சனை செய்தார். வாசல் தாண்டியதும் அந்த மனிதர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தே போனார்.

அன்றுமுதல் என் பிள்ளைகளின் பெயர்களோடு பூமியின் பெயரையும் சொல்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும், நான் சிரித்ததையும் விடாமல் அப்படியே சொல்லுங்கள்.